மகாராணிக்கு மகுடம், வாண்டுகளுக்குச் சர்க்கரை... தெரியுமா?

1953 ஜூன் 2, செவ்வாய்க்கிழமை. லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் 27 வயது எலிசபெத்தின் தலையில் மகுடம் ஏறியது. தங்கச் சாரட்டு, குதிரைப்படை, பீரங்கி முழக்கம்... அதையெல்லாம் புத்தகம் புத்தகமாக எழுதித் தள்ளிவிட்டார்கள். ஆனால் அன்றைக்கு பிரிட்டனில் அரை டவுசர் போட்டுத் திரிந்த வாண்டுகள் இருக்கிறார்களே, இப்போது எண்பதை ஒட்டி நிற்கும் அந்தத் தாத்தா பாட்டிகள், அவர்களிடம் கேட்டால் முதலில் எதைச் சொல்வார்கள் தெரியுமா? கிரீடத்தை இல்லை. ஜெல்லி! கொட்டிய மழை! எதிர்வீட்டு டிவி! கைப்பிடி உடையாமல் இன்றும் அலமாரியில் இருக்கும் ஒரு பீங்கான் குவளை!

சரித்திரக்காரர்கள் அபேக்குள்ளேயே நின்றுவிடுகிறார்கள். நாம் கொஞ்சம் குனிந்து, மூன்றடி உயரத்திலிருந்து அந்த நாளைப் பார்ப்போம். ஆச்சரியம் எல்லாம் அங்கேதான் கொட்டிக் கிடக்கிறது.

முதலில் சர்க்கரை!

போரில் ஜெயித்த நாடு, ஜெயித்து எட்டு வருஷம் கழித்தும் சர்க்கரைக்காக ரேஷன் புத்தகத்தோடு கடை வாசலில் நின்றது தெரியுமா? 1945-ல் ஹிட்லர் ஒழிந்தார், ரேஷன் ஒழியவில்லை. 1953 ஜூன் மாதத்திலும் சர்க்கரை, வெண்ணெய், சீஸ், இறைச்சி எல்லாம் அளவு போட்டுத்தான். இந்த லட்சணத்தில் தெருவுக்குத் தெரு விருந்து வைப்பது எப்படி?

உணவு அமைச்சகம் பெரிய மனசு பண்ணியது. விழாவை முன்னிட்டு தலைக்கு ஒரு பவுண்டு சர்க்கரை கூடுதல், கூடவே நாலு அவுன்ஸ் மார்ஜரின்! ஒரு பவுண்டு என்றால் சுமார் 450 கிராம். உலகத்தில் கால்வாசியை ஒரு காலத்தில் ஆண்ட நாடு, தன் மகாராணிக்கு முடிசூட்டும்போது குடிமக்களுக்குக் கொடுத்த சலுகை அரைக் கிலோவுக்கும் குறைவான சர்க்கரை! சிரிக்காதீர்கள். அந்தச் சர்க்கரையை வைத்துத்தான் அம்மாக்கள் கேக் சுட்டார்கள், ஜாம் டார்ட் செய்தார்கள்.

மிட்டாய்க் கதை இதைவிடப் பிரமாதம். பிரிட்டனில் மிட்டாய்க்கு ரேஷன் வந்தது 1942-ல். 1949 ஏப்ரலில் ‘இனி கட்டுப்பாடு இல்லை’ என்று அறிவித்தார்கள். அவ்வளவுதான்! பிள்ளைகளும் பெரியவர்களும் கடைகளை மொய்த்த மொய்ப்பில் சரக்கு தாங்கவில்லை. நாலே மாதத்தில், ஆகஸ்டில், மறுபடியும் ரேஷன்! கொடுத்த மிட்டாயைப் பிடுங்கிக்கொண்ட அரசாங்கம் என்று பெயர் வாங்கியதுதான் மிச்சம். கடைசியில் 1953 பிப்ரவரி 5 அன்றுதான் ஒரேயடியாகத் தடை விலகியது. உண்டியலை உடைத்துக்கொண்டு குழந்தைகள் ஓடினார்கள். டாஃபி ஆப்பிளும் அதிமதுர மிட்டாய்ப் பட்டைகளும் பறந்தன. லண்டன் கிளாப்பம் காமனில் ஒரு கம்பெனி, மதிய இடைவேளையில் பள்ளிப் பிள்ளைகள் 800 பேருக்கு 150 பவுண்டு லாலிபாப்பை இலவசமாகவே வாரி வழங்கியது. ஆக, முடிசூட்டு விழா வந்தபோது பிரிட்டன் பொடிசுகள் இஷ்டத்துக்கு மிட்டாய் வாங்கத் தொடங்கி நாலு மாதம்தான் ஆகியிருந்தது. அந்த வருஷத்தை அவர்கள் எப்படி மறப்பார்கள்?

சரி, ஊர்கூடி முழு மாட்டை வாட்டி விருந்து வைப்பது அங்கே பழைய வழக்கம். இறைச்சிக்கு ரேஷன் இருக்கும்போது முழு மாட்டுக்கு எங்கே போவது? அதற்கும் ஒரு விண்ணப்பம் இருந்தது, நம்புவீர்களா! ‘எங்கள் ஊரில் முந்தைய முடிசூட்டு விழாக்களிலும் மாடு வாட்டியிருக்கிறோம்’ என்று நிரூபித்தால்தான் அனுமதி. அப்படி நிரூபித்து அனுமதி வாங்கியவை 82 விண்ணப்பங்கள். பாரம்பரியத்துக்கே சான்றிதழ் கேட்ட அந்த அதிகாரிகளை நினைத்தால் எனக்குப் பொறாமையாகவே இருக்கிறது. என்ன ஒரு வேலை!

இந்தக் கொண்டாட்டம் அந்த மக்களுக்கு எவ்வளவு தேவைப்பட்டது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆறு மாதத்துக்கு முன்னால்தான், 1952 டிசம்பரில், லண்டனை ஐந்து நாள் கரும்புகை மூடி ஆயிரக்கணக்கானோர் இறந்திருந்தார்கள். 1953 ஜனவரி 31 இரவு வட கடல் பொங்கி கிழக்குக் கரையில் 300-க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது. குண்டு விழுந்த காலி மனைகள் இன்னும் ஊர் நடுவே முட்புதராகக் கிடந்தன. பிள்ளைகளுக்கு அவைதான் விளையாட்டு மைதானம்.

கதவைக் கழற்று, மேஜையாகப் போடு!

தெரு விருந்துக்கு எத்தனை மாதம் முன்பே வசூல் தொடங்கியது தெரியுமா? தெருவில் துடிப்பான ஓர் அம்மா இருப்பார். அவர் ஒரு நோட்டுப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வாராவாரம் வீடு வீடாகப் போய்ச் சில்லறை சேர்ப்பார். பணமாக இவ்வளவு, பொருளாக இவ்வளவு என்று எல்லாம் கணக்கு. யார் வீட்டில் பெரிய கேத்தில், யார் வீட்டில் பியானோ, யார் கேக் நன்றாகச் செய்வார் என்பதெல்லாம் அவருக்குத் தலைகீழ்ப் பாடம்.

மேஜைக்கு எங்கே போவது? சுவருக்குக் காகிதம் ஒட்டுகிறவர்கள் வைத்திருக்கும் நீளப் பலகைகள் வந்தன. தேவாலயக் கூடத்திலிருந்து மடக்கு மேஜைகள் வந்தன. பற்றாக்குறைக்கு வீட்டுக் கதவையே கழற்றிப் போட்டவர்களும் உண்டு! மேலே வெள்ளைப் படுக்கை விரிப்பு. நாற்காலிகள் அவரவர் வீட்டிலிருந்து, ஒன்றுக்கொன்று உயரம் பொருந்தாமல். தெருவின் இந்தப் பக்கத்து ஜன்னலிலிருந்து அந்தப் பக்கத்து ஜன்னலுக்குச் சிவப்பு, வெள்ளை, நீலக் கொடித் தோரணம்.

சாப்பாடு? மீன் பேஸ்ட் தடவிய சான்ட்விச். இறைச்சி பேஸ்ட் தடவிய சான்ட்விச். அப்புறம் கிண்ணத்தில் தளதளவென்று ஆடும் ஜெல்லி, அதன்மேல் டின் பால். பிளமாஞ்ச் என்ற பால்கூழ்ப் பலகாரம் ஒன்றும் இருக்கும். அதைப் பிடிக்காத குழந்தைகள் மேஜைக்கு அடியில் என்ன செய்தார்கள் என்பதைக் கேட்காமல் இருப்பதே நல்லது. தலையில் அட்டைக் கிரீடம், கையில் காகிதக் கொடி. மூன்று காலில் ஓட்டம், சாக்கு ஓட்டம், கரண்டியில் முட்டை ஏந்தி ஓட்டம். அந்த முட்டையே ரேஷனிலிருந்து விடுதலையானது இரண்டு மாதம் முன்புதான், மார்ச்சில்!

மாறுவேடப் போட்டி இல்லாத தெருவே கிடையாது. துணிக்குச் செலவு செய்ய முடியாத அம்மாக்கள் கண்டுபிடித்த வழி கிரேப் காகிதம். சுருக்கம் சுருக்கமாக, மலிவாக, பளிச்சென்ற நிறங்களில் கிடைக்கும். இரவெல்லாம் தையல் மிஷினில் உட்கார்ந்து காகிதத்திலேயே பாவாடை, மேலங்கி, தொப்பி எல்லாம் தைத்துவிட்டார்கள். குட்டி ராணி தயார், குட்டிப் படைவீரன் தயார். காலையில் கதவைத் திறந்தால்...

மழை!

அதுவும் சாதாரண மழையா? ஜூன் மாதமா இது என்று கேட்கிற குளிர் வேறு. ஊர்வலம் கிளம்பிய பத்தாவது நிமிஷம் கிரேப் காகிதச் சாயம் கரைந்து ஒழுகத் தொடங்கியது. சிவப்பு முழங்கால் வழியாக இறங்கி வெள்ளைக் காலுறைக்குள் போனது. நீலம் கழுத்தில் வழிந்தது. ராணியின் பாவாடை கையோடு கிழிந்து வந்தது. அழுத பிள்ளைகள் பாதி, தங்கள் கால் தேசியக் கொடியாகிவிட்டதைப் பார்த்துச் சிரித்த பிள்ளைகள் பாதி. அன்று குளித்தும் போகாத சாயத்தோடு மறுநாள் எழுந்தவர்கள் அதை இன்றும் சொல்லிச் சிரிக்கிறார்கள். மேஜைகளைத் தூக்கிக்கொண்டு ஊரே தேவாலயக் கூடத்துக்கும் பள்ளிக்கூடத்துக்கும் ஓடியது. எத்தனையோ தெரு விருந்துகள் தெருவில் நடக்கவே இல்லை!

லண்டனிலோ மழைக்கு யாரும் அசையவில்லை. முந்தைய இரவே தி மால் சாலையோர நடைபாதையில் கம்பளி, ரப்பர் ஷீட், செய்தித்தாள் என்று கிடைத்ததை விரித்துக் குடும்பம் குடும்பமாகப் படுத்துக் கிடந்தார்கள். தேம்ஸ் நதியோரம் விக்டோரியா எம்பாங்மென்ட் நெடுகப் பள்ளிக் குழந்தைகளுக்கென்றே இடம் ஒதுக்கியிருந்தார்கள், பல்லாயிரம் பிள்ளைகள்! மற்ற இடங்களில் பெரியவர்களின் முதுகுக்குப் பின்னால் மாட்டிக்கொண்ட பொடிசுகள் என்ன செய்வது? அதற்கும் ஒரு சாமான் விற்பனைக்கு வந்தது. அட்டைப் பெட்டி, உள்ளே இரண்டு கண்ணாடித் துண்டு, அதுதான் பெரிஸ்கோப்! நீர்மூழ்கிக் கப்பலிலிருந்து எட்டிப் பார்ப்பதுபோல் ஆயிரக்கணக்கான அட்டைக் குழாய்கள் கூட்டத்துக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்தன.

திரும்பி வந்த ஊர்வலத்தின் நீளம் 3 கிலோமீட்டர். அணிவகுத்தவர்கள் 16 ஆயிரம் பேர். முடிந்தவரை அதிகம் பேர் பார்க்கட்டும் என்று வேண்டுமென்றே சுற்றிவளைத்துப் போட்ட 7.2 கிலோமீட்டர்ப் பாதை, முடிக்க இரண்டு மணி நேரம். அத்தனை பேரில் மக்கள் மனதைக் கொள்ளையடித்தது யார் தெரியுமா? எலிசபெத்துக்கு அடுத்தபடியாக இன்னொரு ராணி! பசிபிக் பெருங்கடலில் உள்ள டோங்கா தீவுகளின் ராணி சலோட்டே. ஆறடிக்கும் மேல் உயரம், வாய் நிறையச் சிரிப்பு. மழை வலுத்ததும் மற்ற விருந்தாளிகள் சாரட்டின் கூரையை இழுத்து மூடிக்கொண்டார்கள். சலோட்டே மூடச் சொல்லவில்லை. சொட்டச் சொட்ட நனைந்தபடி இரண்டு பக்கமும் கையசைத்துக்கொண்டே வந்தார். நனைந்துகொண்டு நின்ற ஜனங்களுக்கு அது போதாதா? ‘நம்மோடு நனைகிற ராணி’ என்று ஆர்ப்பரித்துவிட்டார்கள். (எதிரே உட்கார்ந்திருந்த மலாயாவின் கிளந்தான் சுல்தானும் சேர்ந்து நனைந்தார். அவரைத்தான் யாரும் கேட்டதாகத் தெரியவில்லை, பாவம்.)

எதிர்வீட்டு டிவி

இந்த விழாவை டிவியில் காட்டக்கூடாது என்று சொன்னது யார் தெரியுமா? சாட்சாத் வின்ஸ்டன் சர்ச்சில்! அபேக்குள் கேமரா நுழைந்தால் இளம் ராணிக்குச் சுமை கூடும், சடங்கின் புனிதம் கெடும் என்று பிரதமரும் அமைச்சரவையும் பயந்தார்கள். 1952 அக்டோபரில் ‘நேரடி ஒளிபரப்பு கிடையாது’ என்று அறிவிப்பே வந்தது. பத்திரிகைகளும் மக்களும் போட்ட கூச்சலில் டிசம்பருக்குள் முடிவு தலைகீழ். முக்கியமான நிபந்தனை: ராணிக்குப் புனித எண்ணெய் பூசும் சடங்கைக் கேமரா பார்க்கக்கூடாது.

அவ்வளவுதான், நாடு முழுக்க டிவி வாங்கும் ஜுரம்! ரொக்கமாக வாங்கியவர்கள் கொஞ்சம், தவணையிலும் வாடகையிலும் எடுத்தவர்கள் ஏராளம். 1952-ல் சுமார் 15 லட்சமாக இருந்த டிவி லைசென்ஸ் இரண்டே வருஷத்தில் 30 லட்சத்தைத் தாண்டியது.

கணக்கைக் கேளுங்கள். அன்றைக்கு பிரிட்டனில் 2 கோடிக்கும் மேற்பட்ட பெரியவர்கள் டிவியில் விழாவைப் பார்த்ததாக பிபிசி கணித்தது. சொந்த வீட்டில் பார்த்தவர்கள் சுமார் 78 லட்சம். அடுத்தவர் வீட்டில் பார்த்தவர்கள்? ஒரு கோடியே 4 லட்சம்! தன் வீட்டைவிடப் பக்கத்து வீட்டில் பார்த்தவர்களே அதிகம். இன்னும் 15 லட்சம் பேர் சினிமாக் கொட்டகை, ஊர்க்கூடம், மதுக்கடை என்று பொது இடங்களில். வானொலியில் கேட்டவர்களைவிட டிவியில் பார்த்தவர்கள் அதிகமான முதல் பெரும் நிகழ்ச்சியும் இதுதான்.

அந்த அறைக்குள் கொஞ்சம் நுழைந்து பார்ப்போமா? பட்டப்பகலில் திரைச்சீலை இழுத்து மூடியிருக்கிறது. மூலையில் பீரோ மாதிரி மரப்பெட்டி; அதன் நடுவில் ஒன்பது அங்குலமோ பன்னிரண்டு அங்குலமோ இருக்கும் திரை. படம் சிறிது என்று திரைக்கு முன்னால் திரவம் நிரப்பிய பிளாஸ்டிக் பூதக்கண்ணாடி ஒன்றைத் தொங்கவிட்டிருக்கிறார்கள். நேர் எதிரே உட்கார்ந்தால் ராணி பெரிதாகத் தெரிவார். ஓரத்தில் இடம் கிடைத்தவருக்கு ராணியின் முகம் பூசணிக்காயாகக் கோணும்! சோபாவில் வீட்டுக்காரர்களும் மூத்தவர்களும். நாற்காலிகளில் அக்கம்பக்கத்து அம்மாக்கள், மடியில் சான்ட்விச் தட்டோடு. சுவரோரம் நின்றபடி ஆண்கள். திரைக்கு ஒரு முழம் முன்னால், தரை விரிப்பில், சம்மணமிட்டுப் பொடிசுகள் கூட்டம். இருமினால் ‘ஷ்ஷ்!’ எழுந்தால் ‘உட்காரு!’ தேசிய கீதம் ஒலித்ததும், யார் வீட்டு வரவேற்பறை என்றும் பாராமல் எழுந்து விறைப்பாக நின்ற பெரியவர்களும் உண்டு. பிள்ளைகளுக்கு அது பெரிய வேடிக்கை.

ரிச்சர்ட் டிம்பிள்பியின் கணீர்க் குரல் வர்ணனை. ஆனால் ஒரு ரகசியம் சொல்லட்டுமா? அந்தக் குழந்தைகளில் பலருக்கு அது தாங்க முடியாத அறுவை! சடங்கு மணிக்கணக்கில் நீண்டது. சாம்பல் நிறத்தில் யாரோ நடக்கிறார்கள், நிற்கிறார்கள், மறுபடி நடக்கிறார்கள். தங்கச் சாரட்டா? சாம்பல் நிறம். செங்கம்பளமா? அதுவும் சாம்பல். அரை மணி நேரம் கழித்துப் பையன்கள் ஒவ்வொருவராக நழுவி மழையில் பந்து விளையாடப் போய்விட்டார்கள். சரித்திரத்தைத் தவறவிட்டோமே என்று அவர்கள் வருந்தியதாகத் தெரியவில்லை!

நிறம் பிறகு வந்தது. ஒரு வாரத்துக்குள் டெக்னிகலரில் ‘எ குவீன் இஸ் கிரௌண்ட்’ என்ற முழுநீளப் படம் கொட்டகைகளுக்கு வந்துவிட்டது. பின்னணிக் குரல் லாரன்ஸ் ஒலிவியே. பள்ளிக்கூடங்கள் பிள்ளைகளை வரிசை கட்டி அழைத்துப் போய்க் காட்டின. அங்கேதான் பல குழந்தைகளுக்குத் தெரிந்தது, ஓ, அந்தச் சாரட்டு உண்மையிலேயே தங்க நிறமா!

அட்லாண்டிக் கடலுக்கு அப்பால் இருந்த கனடாக் குழந்தைகள்? அப்போது செயற்கைக்கோள் ஏது! பிபிசி படத்தைப் பதிவு செய்து சுருள் சுருளாகக் கொடுக்க, பிரிட்டிஷ் விமானப்படையின் கான்பெரா ஜெட் குண்டுவீச்சு விமானங்கள் அவற்றைத் தூக்கிக்கொண்டு கடலைத் தாண்டின. குண்டு போடப் பிறந்த விமானம் படப்பெட்டி சுமந்தது! அன்றைக்கே கனடா டிவியில் விழா ஓடிவிட்டது.

அபேக்குள்ளே பசி

வெளியே பிள்ளைகள் மீன் பேஸ்ட் சான்ட்விச் சாப்பிட்டபோது, உள்ளே பிரபுக்கள் என்ன சாப்பிட்டார்கள் தெரியுமா? அவர்களும் சான்ட்விச்தான்! எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட விருந்தினர்கள், விடியற்காலையிலேயே இருக்கையில் உட்கார்ந்துவிட வேண்டும். பசிக்காதா? குட்டிக் கிரீடத்துக்குள் சான்ட்விச்சை ஒளித்துக்கொண்டு போன பிரபுக்கள் உண்டாம். தலையில் வைக்க வேண்டிய நேரம் வருமுன் காலி பண்ணியாக வேண்டும்!

விழா முடிந்து வெளிநாட்டு விருந்தாளிகளுக்குப் பரிமாறிய ‘கொரோனேஷன் சிக்கன்’ பிறந்ததும் அன்றுதான். ஆறிய கோழித் துண்டுகள், மயோனைஸ், ஆப்ரிகாட் பழக்கூழ், கூடவே கறித்தூள்! கான்ஸ்டன்ஸ் ஸ்ப்ரையும் ரோஸ்மேரி ஹியூமும் நடத்திய சமையல் பள்ளியின் தயாரிப்பு. இன்றும் பிரிட்டனில் எந்த சான்ட்விச் கடையிலும் கிடைக்கிறது. மஞ்சள் மஞ்சளாகக் கொஞ்சம் அசட்டுத் தித்திப்போடு இருக்கும். ரேஷன் காலத்து ஆடம்பரம் அவ்வளவுதான் என்று மன்னித்துவிடலாம்.

உள்ளே இருந்தவர்களிலேயே அதிகம் சலித்துப்போன ஆள் யார் தெரியுமா? நாலு வயது சார்லஸ்! அவருக்கென்றே கையால் வண்ணம் தீட்டிய தனி அழைப்பிதழ் அனுப்பினார்கள். பாட்டிக்கும் சித்தி மார்கரெட்டுக்கும் நடுவில், தலையைப் படிய வாரி, கன்னத்தில் கை ஊன்றி அவர் நின்ற புகைப்படம் உலகப் பிரசித்தம். அரசியாக முடிசூடும் தாயை நேரில் பார்த்த முதல் பிள்ளை அவர்தான். தங்கை ஆனுக்கு மூன்று வயதுகூட நிறையவில்லை என்பதால் அழைத்துப் போகவில்லை. விழாவுக்கு முன்னால் தங்களைக் குளிப்பாட்டும் நேரத்தில் அம்மா தலையில் கிரீடத்தோடு வந்து நின்றதை சார்லஸ் பெரியவரான பிறகும் நினைவுகூர்ந்திருக்கிறார். இரண்டு கிலோவுக்கு மேல் எடையுள்ள கிரீடமாயிற்றே, கழுத்துக்குப் பழக்க வேண்டாமா? சோப்பு நுரைக்கு நடுவே ஒத்திகை!

அன்று காலைச் செய்தித்தாளில்...

ஒரே நாளில் இரண்டு கொண்டாட்டம் கிடைத்தது தெரியுமா? மே 29 அன்று எட்மண்ட் ஹிலாரியும் டென்சிங் நோர்கேயும் எவரெஸ்ட் உச்சியைத் தொட்டார்கள். செய்தி லண்டனில் வெளியானது சரியாக ஜூன் 2 காலையில்! ‘தி டைம்ஸ்’ நிருபர் ஜேம்ஸ் மோரிஸ், போட்டிப் பத்திரிகைகள் மோப்பம் பிடித்துவிடக்கூடாது என்று ரகசியச் சங்கேதம் வைத்திருந்தார். ‘பனி நிலைமை மோசம்’ என்றால் சிகரம் ஏறியாயிற்று! ‘முன்னணி முகாம் கைவிடப்பட்டது’ என்றால் ஹிலாரி. ‘நிலைமை சீரடையக் காத்திருக்கிறோம்’ என்றால் டென்சிங். அஞ்சலோட்டக்காரர் அதை நாம்சே பஜார் வரை சுமந்து ஓட, அங்கிருந்த இந்தியப் போலீஸின் வயர்லெஸ் நிலையம் ஒன்றும் தெரியாமல் அந்தத் ‘தோல்விச் செய்தி’யை அனுப்பி வைத்தது. நடைபாதையில் நனைந்து கிடந்த கூட்டத்துக்கு விடியும்போது கிடைத்த உற்சாக டானிக் அதுதான். பையன்களுக்கு அன்றைய நாயகர்கள் யார் என்று கேட்கவே வேண்டாம்.

எல்லோரும் குதூகலித்தார்களா என்றால், இல்லை! ஸ்காட்லாந்தில் தபால் பெட்டியையே வெடிவைத்துத் தகர்த்தார்கள். ஏன்? பெட்டியில் ‘இரண்டாம் எலிசபெத்’ என்று முத்திரை. முதலாம் எலிசபெத் இங்கிலாந்தைத்தான் ஆண்டார், ஸ்காட்லாந்தை ஆளவில்லை. அப்படியிருக்க எங்களுக்கு ஏது ‘இரண்டாம்’ என்பது வாதம். நியாயமான கேள்விதானே! எடின்பரோவின் இஞ்ச் பகுதியில் இருந்த அந்தப் பெட்டி 1953 பிப்ரவரியில் சுக்குநூறானது. அதன் பிறகு ஸ்காட்லாந்துத் தபால் பெட்டிகளில் எண் போடாமல் கிரீடம் மட்டுமே போட்டார்கள்.

எட்டுக் குதிரை, நாலு இலை

தங்கச் சாரட்டு 1762-ல் செய்தது. எடை 4 டன். இழுத்தவை எட்டுச் சாம்பல் நிறக் குதிரைகள். அவற்றில் ஒன்றின் பெயர் ஐசனோவர், இன்னொன்று ஸ்னோ ஒயிட்! போர்த் தளபதியும் கதைப் புத்தக இளவரசியும் ஒரே நுகத்தில். சவாரி சுகமா என்றால், 65 வருஷம் கழித்து பிபிசிக்குக் கொடுத்த பேட்டியில் எலிசபெத்தே ‘பயங்கரம்’ என்றுதான் சொன்னார். வில் போட்ட நவீன வண்டியா அது, தோல் வாரில் தொங்கும் பெட்டிதானே!

மற்ற சாரட்டுகளை ஓட்ட ஆள் பஞ்சம். மோட்டார் கார் வந்தபின் குதிரை வண்டி ஓட்டத் தெரிந்தவர்கள் எத்தனை பேர்? அதனால் பெரும் பணக்காரத் தொழிலதிபர்களும் கிராமத்து ஜமீன்தார்களும் தாமாக முன்வந்து, அரண்மனை ஊழியர் சீருடை மாட்டிக்கொண்டு வண்டி ஓட்டினார்கள். கோடீஸ்வரர் முன் சீட்டில், விருந்தாளி பின் சீட்டில்! வண்டிகளே போதாமல் சினிமாக் கம்பெனியிடம் சில சாரட்டுகளை இரவல் வாங்கியதும் உண்டு.

நார்மன் ஹார்ட்னெல் வடிவமைத்த பட்டு கவுனில் பிரிட்டனின் மலர்களோடு காமன்வெல்த் நாடுகளின் சின்னங்களும் பூவேலையாக இருந்தன. இந்தியாவுக்குத் தாமரை, இலங்கைக்கும் தாமரை. ராணிக்கே சொல்லாமல் ஹார்ட்னெல் இடது பக்கம் ஒரு நாலிலைக் குளோவரையும் தைத்துவைத்தார், அதிர்ஷ்டத்துக்காக! அதே கவுனை 1954 ஏப்ரலில் கொழும்புக்குக் கொண்டுவந்து, இலங்கை நாடாளுமன்றத்தைத் திறந்துவைக்கும்போது ராணி உடுத்தினார். முத்தும் மணியும் தைத்த அந்தக் கனத்தை ஏப்ரல் மாதத்துக் கொழும்பு வெயிலில்! கேட்கும்போதே நமக்கு வியர்க்கிறது.

குவளையும் குட்டிச் சாரட்டும்

பள்ளிகளும் நகரசபைகளும் பிள்ளைகளுக்கு வாரி வழங்கிய நினைவுப் பொருட்கள் கொஞ்சமா? ராணி படம் போட்ட குவளை, கரண்டி, சாக்லேட் டின், சில ஊர்களில் பளபளக்கும் ஐந்து ஷில்லிங் நாணயம். லட்சக்கணக்கில் செய்ததால் இன்றைக்கு ஏலத்தில் அந்தக் குவளைக்குப் பெரிய விலையொன்றும் கிடைக்காது. கொடுத்துவிடத்தான் யாருக்கும் மனசு வருவதில்லை!

ஆனால் ஒரு பொம்மை மட்டும் ஒரு சாம்ராஜ்யத்தையே உண்டாக்கியது தெரியுமா? லண்டனில் லெஸ்னி என்றொரு சின்ன உலோக வார்ப்புக் கம்பெனி. அதில் ஜாக் ஓடெல் என்ற கைதேர்ந்த அச்சுக்காரர். அவருடைய மகள் படித்த பள்ளியில் விநோதமான விதி: தீப்பெட்டிக்குள் அடங்கும் பொம்மையை மட்டும்தான் கொண்டு வரலாம். அப்பா சும்மா இருப்பாரா? சாலை போடும் ரோலரைப் பித்தளையில் குட்டியாகச் செய்து தீப்பெட்டிக்குள் வைத்துக் கொடுத்தார். மறுநாள் வகுப்பே ‘எனக்கும் வேணும்’ என்று நின்றது. அதே சமயத்தில் கம்பெனி குட்டித் தங்கச் சாரட்டு ஒன்றையும் வார்த்தது. முடிசூட்டு விழா ஆண்டில் அது பத்து லட்சத்துக்கு மேல் விற்றுத் தீர்ந்தது! கைக்கு வந்த காசை வைத்து 1953-லேயே தீப்பெட்டி அளவு வண்டிகளைச் சந்தைக்கு விட்டார்கள். அவைதான் உலகமெங்கும் பையன்களின் டவுசர் பையை நிரப்பிய மேட்ச்பாக்ஸ் கார்கள்!

இந்தக் குட்டிக்கு முன்னால் அதே லெஸ்னி ஒரு பெரிய பொம்மைச் சாரட்டும் செய்தது. அதன் கதைதான் உச்சம். 1951-ல் நடந்த ‘பிரிட்டன் திருவிழா’வுக்காக அச்சு தயாரானபோது உள்ளே ராஜாவும் ராணியும் ஜோடியாக உட்கார்ந்திருந்தார்கள். கொரியப் போரால் துத்தநாகத்துக்குக் கட்டுப்பாடு வந்து வேலை நின்றுபோனது. மறுபடி தொடங்குவதற்குள், 1952 பிப்ரவரியில், எலிசபெத்தின் தந்தை ஆறாம் ஜார்ஜ் மன்னர் காலமாகிவிட்டார். புது அச்சு போடக் காசு யாரிடம் இருக்கிறது? ராஜா உருவத்தை இடுப்போடு வெட்டிவிட்டு மிச்சத்தை அப்படியே வார்த்து விற்றார்கள். யாரிடமாவது அந்தப் பழைய சாரட்டு இருந்தால் கதவுப் பக்கமாக உள்ளே எட்டிப் பாருங்கள். கையசைக்கும் ராணிக்குப் பக்கத்தில், மேலே ஆளே இல்லாமல், ராஜாவின் இரண்டு கால்கள் மட்டும் ஜம்மென்று உட்கார்ந்திருக்கும்!